படிக்கட்டு கரண்ட்

அம்மா, முதல்ல ஒரு விஷயம். எனக்கு ஒண்ணும் ஆகல. கை கால் எல்லாம் இருந்த இடத்துலயே இருக்கு. ஞாயித்துக்கிழமை காலையில உன்கிட்ட பேசிட்டு இருக்கும்போது "ஐயோ"ன்னு கத்திட்டு போனை வெச்சேன்ல, அதுக்கப்புறம் "நல்லா இருக்கேன், பிறகு பேசுறேன்"னு மட்டும் அனுப்பிட்டு இருந்தேன்ல. அதுக்கு நீ தம்பிகிட்ட "அவ எதையோ மறைக்கிறா"ன்னு சொன்னியாம். மறைக்கல. சொல்ல ஆரம்பிச்சா முழுசா சொல்லணும். பாதியில விட்டா நீ மீதியை நீயே கற்பனை பண்ணிப்ப, அது நடந்ததை விட மோசமா இருக்கும். உன் பொண்ணுதானே நான், எனக்குத் தெரியாதா?

இன்னைக்கு எனக்கு லீவு. பால்கனியில காலை நீட்டி உக்காந்துக்கிட்டு வாயாலயே சொல்றேன், போன் எழுதிக்குது. தம்பி, நீ அம்மா அப்பாவுக்கு சத்தமா படிச்சுக் காட்டு. நடுவுல உன் சொந்தச் சரக்கைச் சேர்க்காத.

வீட்டுல எங்களை மூணு பேரையும் உங்களுக்குத் தெரியும். நான், சிஸ்டர், பார்லர் அக்கா. சிஸ்டர்னா ஆஸ்பத்திரி சிஸ்டர். ராத்திரி டூட்டி பார்த்துட்டு பகல்ல தூங்குவாங்க. அவங்க தூங்கும்போது இந்த வீட்டுல யாரும் ஸ்பூனைக் கூட கீழே போட மாட்டோம். பார்லர் அக்கா வேலை செய்யற கடையில அவங்க கைக்குத்தான் மதிப்பு. கஸ்டமர் எல்லாம் "அந்தப் பொண்ணு எங்க"ன்னு கேட்டுட்டு வருவாங்க. ஆனா கடைக்காரி அக்காவை முடி கூட்டவும் டவல் துவைக்கவும் விடுவா. அக்காவுக்கு ஒரே ஆசை, சொந்தமா ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, வாசல்ல ஒரு போர்டு. அதைப் பத்திப் பேச ஆரம்பிச்சா சாப்பாடு ஆறிடும்.

அக்கா என்னை என்ன பேர் வெச்சுக் கூப்பிடுறாங்கன்னு சொன்னேனா? "பதட்டம்". "ஏய் பதட்டம், உப்பு எங்கடி?" "பதட்டம், வாசக் கதவைப் பூட்டினியா? மூணு தடவை பார்த்திருப்பியே." நியாயமான பேர்தான். வந்த புதுசுல ஒரு நாள் கேஸ் லீக் ஆகுதுன்னு சொல்லி பில்டிங் பூரா எழுப்பி படிக்கட்டுல நிக்க வெச்சேன். கடைசியில பார்த்தா பக்கத்து வீட்டுல கதவுக்குப் பெயிண்ட் அடிச்சிருந்தாங்க. அன்னையிலிருந்து நான் எதைச் சொன்னாலும் அக்கா மூக்கைத் தூக்கி மோந்து பார்த்துட்டு, "பெயிண்ட்"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எங்க பாத்ரூம்ல வாஷ்பேசினுக்குப் பக்கத்துலயே ஒரு பிளக் பாயிண்ட் இருக்கு. குழாயைத் திறந்தா தண்ணி தெறிச்சு நேரா அது மேல விழும். எந்தப் புண்ணியவான் அங்க வெச்சானோ. அதுல எதைச் சொருகினாலும் கொஞ்ச நேரத்துல வீடு மொத்தமும் கரண்ட் போயிடும். ஹால்ல இருக்குற பெட்டியில டிரிப் சுவிட்ச் டப்புனு கீழே விழுந்திருக்கும். யாராவது போய் மேலே தூக்கி விடணும். அக்கா அந்த டிரிப் சுவிட்சுக்கும் ஒரு பேர் வெச்சுட்டாங்க. "உன் தங்கச்சி." டப்புனு சத்தம் கேட்டா உள்ளேயிருந்து குரல் வரும். "ஏய் பதட்டம், உன் தங்கச்சி மயங்கி விழுந்துட்டா, போய் தூக்கி விடு!"

எனக்கும் சிரிப்பு வரும். ஆனா நான் ஒண்ணு கவனிச்சேன். வேற எந்த ரூம்ல எதைப் போட்டாலும் அது விழறதில்ல. பாத்ரூம் பிளக்கைத் தொட்டா மட்டும்தான் விழுது. அக்காகிட்ட சொன்னேன். அக்கா மூக்கைத் தூக்கினாங்க. "பெயிண்ட்."

போன வாரம் அக்கா குதிச்சுக்கிட்டே வந்தாங்க. கடைக்கு வர்ற ஒரு அம்மா, அவங்க அண்ணன் பொண்ணுக்குக் கல்யாணமாம். கல்யாணத்தன்னைக்குத் தலை அலங்காரம் யார் பண்றதுன்னு முடிவு பண்ண, முன்னாடியே ஒரு தடவை பண்ணிப் பார்க்கணுமாம். கடைக்காரிக்குத் தெரியாம நம்ம வீட்டுக்கே ஞாயித்துக்கிழமை வர்றாங்களாம். அதுவே பெரிய விஷயம். அதுக்கு மேல ஒண்ணு. அந்த அத்தைக்காரம்மாவுக்குச் சொந்தமா ஒரு கடை ரூம் காலியா இருக்கு. ஏற்கனவே யாரோ முடி வெட்டுற கடை வெச்சிருந்த இடம். வேலை பிடிச்சிருந்தா அக்காவுக்கே வாடகைக்குத் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. அக்கா அன்னைக்கு ராத்திரி சாப்பிடவே இல்ல. தட்டைப் பிடிச்சுக்கிட்டு போர்டுல என்ன கலர்னு பேசிட்டே இருந்தாங்க.

ஞாயித்துக்கிழமை காலையில நான் உன்கிட்ட போன்ல பேசிக்கிட்டே ரூம்லயிருந்து வெளிய வர்றேன். நீ சித்தப்பா வீட்டு நாய் குட்டி போட்ட கதை சொல்லிட்டு இருந்த. கால்ல எதுவோ மாட்டுச்சு. அப்பதான் "ஐயோ". விழல அம்மா, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டேன். கீழே பார்த்தா ஒரு ஒயர். வாசக் கதவுக்கு அடியிலிருந்து நுழைஞ்சு, ஹாலைத் தாண்டி, நேரா பாத்ரூமுக்குள்ள போகுது.

போய்ப் பார்த்தேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். டவல் மாட்டுற கம்பியில, தலைக்குக் கட்டுற ரிப்பனால அழகா முடிச்சுப் போட்டுத் தொங்க விட்டிருக்காங்க. வாஷ்பேசினுக்கு நேர் மேலே. அதுல டிரையர், கர்லர், ஸ்ட்ரெய்ட்னர் எல்லாம் சொருகித் தயாரா இருக்கு. கீழே தரை முழுக்க ஈரம். அக்கா அப்பதான் கழுவி விட்டிருக்காங்க, கஸ்டமர் வர்றாங்கன்னு.

"அக்கா, இது எங்கிருந்து வருது?"

அக்கா சீப்பை டெட்டால்ல முக்கிட்டே பெருமையா சொன்னாங்க. "படிக்கட்டுல இருக்குல்ல ஒரு பிளக், படி துடைக்கிற மெஷினுக்கு? அங்கிருந்து. அது நம்ம வீட்டு லைன் இல்லடி. பில்டிங் லைன். எவ்ளோ பழசு தெரியுமா? அங்க உன் தங்கச்சியே கிடையாது. நேத்தே போட்டுப் பார்த்துட்டேன். விழவே விழாது!"

"விழாததுதான் அக்கா பயமே. இங்க ஏதோ கோளாறு இருக்குன்னுதான் அது விழுது. விழறதே இல்லாத இடத்துலயிருந்து கரண்ட்டை எடுத்துத் தண்ணிக்குள்ள கொண்டாந்தா, அப்புறம் யார் விழுவா? நாமதான்."

"வாயைக் கழுவு. நல்ல நாளும் அதுவுமா."

"வேற ரூம்ல வெச்சுக்கலாமே."

"கண்ணாடி எங்க இருக்கு? இந்த வீட்டுல பெரிய கண்ணாடி ரெண்டே இடத்துல. ஒண்ணு இங்க. இன்னொண்ணு சிஸ்டர் பீரோவுல. சிஸ்டர் இப்பதான் டூட்டி முடிச்சு வந்து படுத்தாங்க. நீ போய் எழுப்புறியா? எழுப்பு, பார்ப்போம்."

நான் எழுப்பல. என்னைத் தப்பா நினைக்காத. சிஸ்டர் தூக்கத்துல முழிச்சா எப்படி இருப்பாங்கன்னு உனக்குத் தெரியாது.

"அதுவும் இல்லாம" அக்கா சொன்னாங்க, "தலையைக் கழுவி அங்கேயே காய வெச்சு அங்கேயே கர்ல் பண்ணினாதான் பார்லர் மாதிரி இருக்கும். ஈரத்தலையோட வீடெல்லாம் நடக்க விட்டா, என்ன கடை நடத்துவா இவன்னு நினைக்க மாட்டாங்களா? எல்லாரும் ரப்பர் செருப்பு போட்டுக்கலாம். போதுமா? இன்னைக்கு ஒரு நாள் மட்டும் நீ பதட்டப்படாம இருடி. உன் கால்ல விழறேன்."

உண்மையைச் சொல்லணும்னா அம்மா, எனக்கே என் பயத்து மேல நம்பிக்கை இல்ல. கேஸுன்னு பயந்தேன், பெயிண்ட்டா இருந்துச்சு. கதவு பூட்டலன்னு பஸ்ஸை விட்டு இறங்கி வந்தேன், பூட்டியிருந்துச்சு. இதுவும் அப்படித்தானோன்னு ஒரு மனசு. அக்காவோட கடையை என் கிறுக்கால கெடுத்துடக் கூடாதேன்னு இன்னொரு மனசு. ஓரமா போய் நின்னுக்கிட்டேன்.

அவங்க வந்தாங்க. கல்யாணப் பொண்ணு சின்னப் பொண்ணுதான், என் வயசுதான் இருக்கும், சிரிச்ச முகம். அத்தைக்காரம்மா நல்ல உயரம். வாசல்ல தலை இடிக்குமோன்னு குனிஞ்சு வந்தாங்க. எதையும் மேலும் கீழும் ஒரு தடவை பார்ப்பாங்க. ஒயரைப் பார்த்துட்டு, "இது என்ன, பாம்பு மாதிரி?"ன்னாங்க. அக்கா, "லைட்டு அதிகம் வேணும்ல அத்தை, அதுக்குத் தனி லைன்"னு சிரிச்சு சமாளிச்சாங்க. நான் தண்ணி கொண்டு வந்து குடுத்தேன். ஒயரையே பார்த்துக்கிட்டு குடுத்ததுல தட்டுல கொஞ்சம் சிந்துச்சு. "பொண்ணுக்கு உடம்பு சரியில்லையா?"ன்னு அத்தை கேட்டாங்க. "அது எப்பவும் அப்படித்தான்"னாங்க அக்கா.

பொண்ணை பாத்ரூம்ல ஸ்டூல் போட்டு உக்கார வெச்சு, அக்கா தலையைக் கழுவ ஆரம்பிச்சாங்க. அக்கா கையைப் பார்க்கணுமே. பூவைத் தொடற மாதிரி. பொண்ணு கண்ணை மூடிக்கிட்டா. அத்தை பாத்ரூம் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்து, "ம்... ம்..."னு தலையாட்டுறாங்க. எல்லாம் நல்லாத்தான் போகுது. நான் ஹால்ல நின்னு சாமியைக் கும்பிட்டுட்டு இருக்கேன்.

அப்ப கண்ணுல பட்டுச்சு. தலையைக் கழுவும்போது தெறிச்ச தண்ணி, தொங்குற ஒயர் வழியா ஒரு சொட்டு மெதுவா இறங்குது. இறங்கி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மேல வந்து நிக்குது. அதுக்குப் பின்னாடியே இன்னொண்ணு. பொண்ணோட செருப்பு ஒரு பக்கமா கழண்டு கிடக்கு, வெறுங்காலைத் தண்ணிக்குள்ள வெச்சு விரலை ஆட்டிக்கிட்டு இருக்கா. அக்கா சோப்புக் கையைத் துடைக்காம டிரையருக்கு நீட்டுறாங்க.

அம்மா, நான் வழக்கமா பயப்படறப்ப, "ஒருவேளை இப்படி ஆயிட்டா"ன்னுதான் ஆரம்பிக்கும். இதுல ஒருவேளையே இல்ல. கண்ணு முன்னாடி சொட்டுது. அத்தை முன்னாடி வாயைத் திறந்து சொன்னா அக்கா மானம் போகும், கடை போகும். சொல்லலைன்னா...

யோசிக்கல. வாசக் கதவைத் திறந்துக்கிட்டு ஓடினேன். படிக்கட்டு பிளக்கோட சுவிட்சை அணைச்சேன், பிளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கி, கையில வெச்சுக்கிட்டு அங்கேயே நின்னேன். வேற என்ன பண்றதுன்னு தெரியல.

உள்ளேயிருந்து அக்கா குரல். "என்னாச்சு, டிரையர் ஓடல?" அப்புறம் செருப்பு சத்தம். அக்கா வெளிய வந்தாங்க. என்னைப் பார்த்தாங்க. என் கையில இருந்த பிளக்கைப் பார்த்தாங்க.

"குடு அதை." பல்லைக் கடிச்சுக்கிட்டு, சத்தம் வராம.

"மாட்டேன்."

"ஏண்டி என் உயிரை வாங்குற?"

"உங்க உயிர் இருக்கணும்னுதான் அக்கா."

"வசனம் பேசாத! அங்க ஈரத்தலையோட ஒருத்தி உக்காந்திருக்கா. என் கடை அங்க உக்காந்திருக்கு, தெரியுதா? குடுடி."

"அந்தப் பொண்ணு கால் தண்ணியில இருக்கு. பாக்ஸ் மேல சொட்டுது. நான் பார்த்தேன். இது பெயிண்ட் இல்ல அக்கா. சத்தியமா இல்ல."

அக்கா கையை நீட்டி என் முழங்கையைப் பிடிச்சாங்க. நான் பிளக்கை முதுகுக்குப் பின்னாடி கொண்டு போனேன். சின்னப் பிள்ளைங்க மிட்டாய்க்கு அடிச்சுக்கற மாதிரி ரெண்டு பேரும் படிக்கட்டுல. அப்ப மேலேயிருந்து ஒரு குரல்.

"என்ன, ரெண்டு பேரும் கயிறு இழுக்குறீங்க?"

அத்தை. வாசக் கதவுல குனிஞ்சு நிக்கிறாங்க.

அக்கா என் முழங்கையை விட்டாங்க. "ஒண்ணும் இல்ல அத்தை, லூஸ் கனெக்ஷன்..."

"நீ இரும்மா. இந்தப் பொண்ணு சொல்லட்டும். எதுக்குப் பிடுங்கின?"

என்ன சொல்றது? பொய் சொல்ல எனக்கு வராது, உனக்குத்தான் தெரியுமே, காது சிவந்துடும். சொல்லிட்டேன். வீட்டு டிரிப் சுவிட்ச் விழறது, அது விழக் கூடாதுன்னு படிக்கட்டுலயிருந்து இழுத்தது, சொட்டுன தண்ணி, எல்லாம். சொல்லும்போதே தெரியுது, ஒவ்வொரு வார்த்தையும் அக்கா போர்டுல ஒவ்வொரு எழுத்தா அழிக்குதுன்னு.

அத்தை திரும்பி உள்ளே பார்த்து, "ஏம்மா, காலைத் தூக்கு"ன்னாங்க. எல்லாத்தையும் பொண்ணு கேட்டிருக்கா போல. ரெண்டு காலையும் தூக்கி ஸ்டூல் மேல சம்மணம் போட்டு, சோப்பு நுரையோட சிலை மாதிரி உக்காந்திருந்தா. "அத்தை, நான் எறங்கலாமா? இல்ல இங்கேயே கல்யாணம் பண்ணி வெச்சுடுவீங்களா?"

பாவம், அவ சிரிக்க வைக்கத்தான் பார்த்தா. யாரும் சிரிக்கல.

"கரண்ட் இல்ல இப்ப, எறங்கலாம்"னு நான் சொன்னேன். மக்குல தண்ணி பிடிச்சு ஊத்தி அக்கா நுரையை அலசினாங்க. அப்புறம் தலையில டவல் கட்டினாங்க. அந்த நேரம் பூரா என் பக்கம் திரும்பவே இல்ல.

"இப்ப என்ன பண்றதா உத்தேசம்?" அத்தை கேட்டாங்க. "பொண்ணு ஈரத்தோட வீட்டுக்குப் போகணுமா?"

"சிஸ்டர் ரூம்ல கண்ணாடி இருக்கு"ன்னு வாய் தவறி சொல்லிட்டேன். "அங்க தண்ணியே கிடையாது. அந்த பிளக் நம்ம வீட்டு லைன்தான். ஆனா... சிஸ்டர் தூங்குறாங்க."

இதுக்கப்புறம் நடந்ததை நீங்க பார்த்திருக்கணும். அத்தை முன்னாடி, அக்கா பின்னாடி, டவல் கட்டின பொண்ணு நடுவுல, நான் கடைசியில டிரையரைத் துடைச்சுக் காய வெச்சு எடுத்துக்கிட்டு, எல்லாரும் நுனிக்கால்ல திருடப் போற மாதிரி சிஸ்டர் ரூமுக்குள்ள போனோம். சிஸ்டர் போர்வையை முகம் வரைக்கும் இழுத்துவிட்டுத் தூங்குறாங்க. கட்டில் காலடியிலேயே பீரோ. பொண்ணு கட்டில் ஓரமா உக்காந்தா. அக்கா டிரையரை அவளோட துப்பட்டாவால சுத்தி, சத்தம் குறையுமான்னு பார்த்தாங்க. "அக்கா, காத்து அடைபட்டா சூடாயிடும்"னு நான் கிசுகிசுத்தேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாங்க பாரு. ஆனா துப்பட்டாவை எடுத்துட்டாங்க.

டிரையர் "உர்ர்ர்"னு ஆரம்பிச்சது. போர்வை மெதுவா இறங்குச்சு. சிஸ்டர் ஒரு கண்ணைத் திறந்தாங்க. காலடியில தலைவிரி கோலமா ஒரு பொண்ணு, பக்கத்துல வானத்துக்கும் பூமிக்குமா ஒரு அம்மா.

"நான் செத்துட்டேனா?"ன்னாங்க சிஸ்டர்.

"இல்ல சிஸ்டர்"னேன் நான். "யாரும் சாகல."

"அப்ப டூட்டியா?"

"இல்ல சிஸ்டர், தலை அலங்காரம்."

சிஸ்டர் எழுந்து உக்காந்தாங்க. இப்ப வெடிக்கப் போகுதுன்னு நான் காதைப் பொத்தத் தயாரா இருந்தேன். அவங்க பொண்ணோட முடியையே கொஞ்ச நேரம் பார்த்தாங்க. "பின்னாடி தூக்கிக் கட்டாத. கழுத்து நீளம் இந்தப் பொண்ணுக்கு. காதுகிட்ட கொஞ்சம் விடு"ன்னு சொல்லிட்டு, தலையணையைச் சுவத்துல சாச்சு, சினிமா பார்க்கற மாதிரி உக்காந்துட்டாங்க. அத்தை அவங்க பக்கத்துல கட்டில்லயே உக்காந்தாங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல முட்டி வலியைப் பத்திப் பேச்சு ஆரம்பிச்சது. அத்தை முட்டியை சிஸ்டர் அழுத்திப் பார்க்க, "இங்கதான் இங்கதான்"னு அத்தை கத்த, பொண்ணு சிரிக்க, அக்கா "ஆடாதம்மா, சூடு படும்"னு சொல்ல, ரூமே கடை மாதிரி ஆயிடுச்சு. டிரிப் சுவிட்ச் ஒரு தடவை கூட விழல. நான்தான் ஹாலுக்கும் ரூமுக்கும் நடந்து நடந்து பார்த்துட்டு வந்தேன்.

அலங்காரம் முடிஞ்சப்ப பொண்ணு கண்ணாடியில பார்த்து, காதோரம் விட்ட முடியைத் தொட்டுப் பார்த்தா. அப்புறம், "இது நானா அத்தை?"ன்னா. அத்தை மேலும் கீழும் பார்த்தாங்க. "நல்லா இருக்கு"ன்னு மட்டும் சொன்னாங்க. கடை ரூமைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. போயிட்டாங்க.

கதவைச் சாத்தினதும் அக்கா அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. "போச்சு"ன்னாங்க. "இவ வீட்டையே ஒழுங்கா வெச்சுக்கத் தெரியல, இவளுக்குக் கடையான்னு நினைச்சிருப்பாங்க." என்னைத் திட்டியிருந்தா பரவாயில்ல. திட்டல. ரிப்பன் முடிச்சை அவிழ்த்துக்கிட்டே இருந்தாங்க, அவிழவே இல்ல. அதனாலதான் அம்மா நான் உனக்குப் போன் பண்ணல. குரல்ல தெரிஞ்சிடும்.

மறுநாள் வீட்டு ஓனர் எலக்ட்ரீஷியனை அனுப்பினார். சிஸ்டர்தான் போன் போட்டு அந்த ஆஸ்பத்திரிக் குரல்ல பேசினாங்க, மறுக்க முடியுமா? அவர் பாட்டுப் பாடிக்கிட்டே வந்தார். மெயினை அணைச்சுட்டு பாத்ரூம் பிளக்கோட மூடியைக் கழட்டினார். பாட்டு நின்னுச்சு. உள்ளேயிருந்து தண்ணி வழிஞ்சது அம்மா. சொட்டல, வழிஞ்சது. கம்பியெல்லாம் பச்சை பச்சையா இருந்துச்சு. சுவத்துக்குள்ள பைப் கசிஞ்சு அந்தப் பெட்டிக்குள்ள வந்து நின்னிருக்கு. "இத்தனை நாள் டிரிப் ஆச்சுல்ல, அதனாலதான் நீங்க உயிரோட நின்னு எனக்குக் கதவு திறந்து விடுறீங்க"ன்னார். படிக்கட்டு லைனைப் பத்திக் கேட்டதும் தலையில கை வெச்சுக்கிட்டார். பாத்ரூம் பாயிண்ட்டை ஒரேயடியா மூடிட்டார், படிக்கட்டு பிளக்குக்கும் மூடி போட்டுப் பூட்டிட்டுப் போனார்.

அக்கா அந்த வழிஞ்ச தண்ணியைப் பார்த்துக்கிட்டே நின்னாங்க. நான் "பார்த்தீங்களா"ன்னு சொல்லல. சொல்லணும்னு நாக்கு துடிச்சது, கடிச்சுக்கிட்டேன்.

அப்பா, இந்த இடத்துல உங்களுக்கு ஒண்ணு. பின்கட்டுல வாஷிங் மெஷின் ஒயர் குழாய்க்கு மேலே ஆணியில தொங்குதே. அதை நீங்க ஈரக் கையோட பிடுங்குவீங்களே. சிரிக்காதீங்க, தம்பி படிக்கும்போது சிரிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். ஆள் கூப்பிட்டு இடத்தை மாத்துங்க. நீங்களே ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிட்டுப் போகாதீங்க. அது வரைக்கும் கையைத் துடைச்சுட்டு, முதல்ல சுவிட்சை அணைச்சுட்டு, அப்புறம் பிடுங்குங்க. தம்பி, நீ சாட்சி.

சரி, கதைக்கு வர்றேன். நேத்து அத்தை போன் பண்ணினாங்க. "கடையைப் பார்க்க வர்றியா? அந்தப் பிளக் பிடுங்கின பொண்ணையும் கூட்டிட்டு வா." அக்கா என்னைப் பார்த்தாங்க. அந்த ரெண்டு நாள்ல முதல் தடவையா நேரா. "வாடி. ஆனா வாயைத் திறந்த, கொன்னுடுவேன்."

"திறக்க மாட்டேன்"னு சத்தியம் பண்ணிட்டுத்தான் போனேன்.

கடை நல்ல இடம். ரோட்டைப் பார்த்து முழுக் கண்ணாடி, வெளிச்சம் கொட்டுது. அத்தை சாவியை ஆட்டிக்கிட்டே உள்ளே கூட்டிட்டுப் போனாங்க. "முன்னாடி இருந்தவர் எல்லாம் பண்ணி வெச்சுட்டுத்தான் போயிருக்கார். நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். நாளைக்கே திறக்கலாம்." பின்னாடி சுவத்துல பெரிய கண்ணாடி. அதுக்குக் கீழே தலை கழுவுற தொட்டி. குழாய். குழாயை ஒட்டி, ஒரு சாண் கூட இல்ல, பிளக் பாயிண்ட்.

நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தாங்க. நான் உதட்டை உள்ளே மடிச்சுக் கடிச்சுக்கிட்டு ஃபேனைப் பார்த்தேன். அக்கா ஆசைப்பட்ட கடை அம்மா இது. நாளைக்கே திறக்கலாம்னு சாவியை நீட்டுறாங்க. இந்த முறை நான் எதையும் பிடுங்கப் போறதில்ல, அவங்க முடிவு.

அக்கா சாவியை வாங்கக் கையை நீட்டினாங்க. நீட்டின கை பாதியில நின்னுச்சு.

"அத்தை, இந்த பிளக் இங்க இருக்கக் கூடாது."

"ஏன்? வேலை செய்யுதே."

"வேலை செய்யறதுதான் பிரச்சினை. பக்கத்துலயே தண்ணி. இதை மூடிட்டு வேற சுவத்துல தள்ளி வைக்கணும். கண்ணாடியையும் அங்க மாத்திக்கறேன். இங்க தலை கழுவுறது மட்டும். அப்புறம் பெட்டியில டிரிப் சுவிட்ச் இருக்கான்னு பார்க்கணும். இல்லைன்னா போடணும். அதெல்லாம் முடிஞ்சப்புறம்தான் நான் வருவேன்."

அத்தை மேலும் கீழும் பார்த்தாங்க. "இதுக்கெல்லாம் சம்மதிக்கலைன்னா?"

அக்கா நீட்டின கையை மடக்கிக்கிட்டாங்க. "கடை வேண்டாம் அத்தை."

அம்மா, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. ஃபேனைப் பார்க்கறதை விடல.

"உங்க ரெண்டு பேருல யாருக்குத்தான் பயம்?" அத்தை என்னைச் சுட்டிக் காட்டினாங்க. "இவளுக்கா?"

"எனக்குத்தான்"னாங்க அக்கா. "உக்கார்ற ஒவ்வொரு தலையும் என் பொறுப்பு."

அத்தை சட்டுனு சிரிச்சாங்க. அவங்க சிரிப்பாங்கன்னே எனக்குத் தெரியாது. "நீ இன்னைக்கும் சிரிச்சுக்கிட்டே 'தனி லைன்'னு சமாளிச்சிருந்தா சாவியை எடுத்துட்டுப் போயிருப்பேன். இடத்தைக் காட்டு, ஆளைக் கூப்பிடுறேன்."

அங்கேயே எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டாங்க. எங்க வீட்டுக்கு வந்த அதே பாட்டுக்காரர்தான், இந்த ஏரியாவுக்கே அவர் ஒருத்தர்தான் போல. ஸ்பீக்கர்லயே கேட்டார், "எவ்ளோ தூரம் தள்ளி வைக்கணும்னு சொல்றாங்க?" அக்காவுக்குத் தெரியல, எனக்கும் தெரியல. "அளவு நான் வந்து சொல்றேன். இப்போதைக்கு, குழாயைப் பிடிச்சிருக்கறவங்க கைக்கு எட்டவே கூடாது, அப்படி ஒரு இடமா பாருங்க"ன்னார்.

அக்கா உடனே குழாயை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையைச் சுவர் பக்கமா நீட்டினாங்க. பைக்குள்ளயிருந்து புருவப் பென்சிலை எடுத்து என்கிட்ட தூக்கிப் போட்டு, "குறி போடுடி"ன்னாங்க. போடப் போனேன்.

"இரு இரு"ன்னாங்க அத்தை. "உன் கை எந்த மூலைக்கு? நகரு." அக்காவை ஒதுக்கிட்டு, அவங்களே குழாயைப் பிடிச்சு, முட்டி வலியையும் மறந்துட்டு, நுனிக்கால்ல எம்பி, அந்த நீளக் கையை எட்டின வரைக்கும் நீட்டினாங்க. "போடு, போடு, சீக்கிரம், இழுக்குது!"

நான் விரல் நுனியில கோடு போட்டேன். அக்கா பென்சிலைப் பிடுங்கி, அதுக்கும் அந்தாண்ட தள்ளி இன்னொரு கோடு போட்டாங்க.